கவிழ்வதற்கு ஒரு பரீட்சை

1

இந்த வாரம் கிளப்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பனி உருகிவிட்டதாம். ஏரி திறந்துவிட்டதாம். இந்த வருடத்துக் கவிழ்ப்புப் பரீட்சைக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கொடுக்கலாமாம். கீழே எனக்கென்று தனியாக இரண்டு வரி: போன வருடம் முயன்றீர்கள், இந்த வருடமும் வாருங்கள். நல்ல மனிதர்கள். படித்துவிட்டுப் போனை மேசைமேல் குப்புறப் போட்டேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது என்ன கூத்து என்று விளக்க வேண்டும். நான் சைதாப்பேட்டைக்காரன். கனடாவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர், அங்கே மரம் அறுக்கும் ஆலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறேன். மனைவி புஷ்பா முதியோர் இல்லத்தில் சமையல் பார்க்கிறாள். ஒரே பையன், அருண். இந்த ஊரில் ஒரு கிளப் இருக்கிறது. குடிக்கிற கிளப் இல்லை, பயப்படாதீர்கள். சனி ஞாயிறானால் கூட்டமாகக் காட்டுக்குள் நடப்பார்கள். கோடை வந்தால் கேனோ என்கிற ஒடிசலான திறந்த படகில் இரண்டிரண்டு பேராக ஏறி, துடுப்புப் போட்டு, ஏரி ஏரியாகப் போவார்கள். எதையும் வாங்குவதற்காக இல்லை. எந்தச் சாமிக்கும் நேர்ந்துகொண்டும் இல்லை. போவார்கள், வருவார்கள், அவ்வளவுதான்.

அந்தப் படகில் என் மகனோடு ஒரு தடவை போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

2

கிளப்பில் முதலில் சேர்ந்தது அருண்தான், பள்ளியில் படிக்கும்போதே. காலையில் காரில் கொண்டுபோய் விடுவேன், சாயங்காலம் சேற்றோடு கூட்டி வருவேன். கல்லூரிக்குப் போன பிறகு அவனே கூட்டத்தை வழிநடத்துகிறவர்களில் ஒருவன் ஆகிவிட்டான். அதே சமயம் வீட்டில் அவன் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சாப்பிட்டாயா என்றால் ம். வேலைக்கு எழுதிப் போட்டாயா என்றால் ம். ஆனால் கிளப் ஆட்களோடு நின்று அவன் சிரிப்பதைப் பார்க்க வேண்டுமே! அந்தச் சிரிப்பில் ஒரு பங்கு எனக்கும் வேண்டும் என்றுதான் நானும் சேர்ந்தேன். மற்றபடி மரத்தைப் பார்க்க எனக்கு ஒரு அவசரமும் இல்லை. ஆலையில் நாள் முழுக்க மரம்தான்.

சேரும்போது ஒரு தாளை நீட்டினார்கள். விழலாம், கரடி வரலாம், குளிரில் விறைக்கலாம், முழுகலாம், எது நடந்தாலும் கிளப் பொறுப்பில்லை என்று வரிசையாகப் போட்டு, எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். புஷ்பா வாங்கிப் பொறுமையாகப் படித்தாள்.

"இதுல எங்கயாவது உயிரோட திரும்பி வருவாருன்னு போட்டிருக்கா பாருங்க" என்றாள். போடவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

நடை எனக்குச் சிரமமாக இல்லை. சின்ன வயதில் சைதாப்பேட்டையிலிருந்து தி.நகருக்கு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் நடந்தே போய்விடுகிற ஆள் நான். சிரமமாக இருந்தது வேறொன்று. இந்தக் கிளப்பில் யாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எழுபது வயது டாக்டரானாலும் பெயர்தான். காட்டுக்குள் ஒருவன் 'டாட்' என்று கத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், ஆபத்து நேரத்தில் அது உதவாது என்று காரணம் சொன்னார்கள். நியாயம்தான். ஆகவே அருண் அத்தனை பேர் முன்னால் என்னை "செல்வம்!" என்று கூப்பிட்டான். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. ரேஷன் கடையில் அப்பா பெயர் கேட்டால்கூடக் குரலைத் தாழ்த்திச் சொன்னவன் நான்.

அக்காவிடம் போனில் முறையிட்டேன். வசந்தா அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அப்பா அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னை ஆளாக்கியவள் அவள்தான். என் மனக்குறை எதையும் அவள் மதித்ததில்லை.

"பேரு வெச்சதே கூப்புடத்தானேடா" என்றாள். "எம் பசங்க என்னிய கெயவின்றானுங்கோ. நா இன்னா செத்தா பூட்டேன்?"

3

நடப்பதற்குப் பரீட்சை கிடையாது. படகில் போக வேண்டுமானால்தான் உண்டு.

போன வருடக் கோடையின் கடைசியில் ஐந்து நாள் படகுப் பயணம் ஒன்று போட்டிருந்தார்கள். நடத்தப் போவது அருண். அது முடிந்த மறுவாரம் அவன் வேலைக்காக மேற்குக் கரைக்குப் போகிறான். ஒரே நாடுதான், ஆனால் விமானத்தில் போய் வருகிற தூரம். போனால் போனதுதான் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படிப் போனவன்தானே. அதனால் இந்த ஐந்து நாள் எனக்கு வேண்டும் என்று பட்டது. முன்னால் நான், பின்னால் அவன், ஒரே படகு. பேசாமல் வந்தால்கூடப் பரவாயில்லை, முதுகுக்குப் பின்னால் அவன் துடுப்புச் சத்தம் கேட்டால் போதும். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"டெஸ்ட் பாஸ் பண்ணுங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றான். அவனிடமிருந்து வந்த நீளமான வாக்கியம் அது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பரீட்சை இதுதான். மிதக்க வைக்கிற ஜாக்கெட் ஒன்றை மாட்டிக்கொண்டு படகில் ஏறி ஆழத்துக்குப் போக வேண்டும். அங்கே படகை வேண்டுமென்றே கவிழ்த்துவிடுவார்கள். நீச்சல் தெரியாவிட்டாலும் ஜாக்கெட் மேலே கொண்டுவந்துவிடும். வந்ததும் ஒரு கையால் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மறு கையைக் காப்பாற்ற வருகிறவரிடம் நீட்ட வேண்டும். நீந்தக் கூடாது, கத்தக் கூடாது, எந்தப் பொருளையும் காப்பாற்றப் பார்க்கக் கூடாது. சும்மா இருப்பதற்கு ஒரு பரீட்சை! சைதாப்பேட்டைப் பையனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன்.

படகுப் பிரிவுக்குத் தலைவி மேரிலின் என்கிற அம்மாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் ஆற்றங்கரையில் பிறந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் தண்ணீர் பழக்கம்தானே என்று கேட்டார். அடையாற்றை அவருக்கு எப்படி விளக்குவது? வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு. ஒரு நாளும் அதில் நாங்கள் கால் நனைத்ததில்லை. பந்து உள்ளே விழுந்தால் பந்து போனதுதான், எவனும் இறங்கி எடுக்க மாட்டான். குடிக்க லாரித் தண்ணீர், குளிக்க அடிபம்பு. ஆறு என்றால் எங்களுக்கு நாற்றம், கொசு, மழைக்காலம் வந்தால் பயம். இதையெல்லாம் இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் இருட்டிவிடும். ஆமாம் பழக்கம்தான் என்று தலையாட்டி வைத்தேன்.

படகு கவிழ்ந்தது. ஜூன் மாதத்திலும் அந்த ஏரித் தண்ணீர் ஐஸ்பெட்டிக்குள் இறங்குகிற மாதிரி இருந்தது. மூச்சு நின்று, திரும்ப வந்து, கண்ணைத் திறந்தபோது என் இரண்டு கையும் தலைக்கு மேலே இருந்தன. இரண்டு கைக்கும் நடுவில் பை. தண்ணீர் புகாத பை அது, கிளப் கொடுத்தது. உள்ளே ஒரு துண்டும் இரண்டு ரொட்டியும்தான். துடுப்பு ஒரு பக்கம் போகிறது, படகு ஒரு பக்கம் போகிறது, நான் மட்டும் பையை வானத்துக்குக் காட்டிக்கொண்டு மிதக்கிறேன். அடுத்த படகிலிருந்து அருண் கத்துகிறான், "செல்வம், பையை விட்டுவிடு, படகைப் பிடி" என்று, இங்கிலீஷில். கேட்டது. புரிந்தது. கை இறங்கவில்லை. வாயில் தண்ணீர் போகிறது, ஜாக்கெட் காது வரை ஏறிவிட்டது, கை இறங்கவே இல்லை.

கரையில் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. மேரிலின் வந்து அரிசி மூட்டையை இழுப்பது போல என்னை இழுத்துப் போட்டார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். இரண்டு கையிலும் பை வைத்திருக்கிறவனிடம் எனக்குக் கொடுக்கக் கை இல்லை, நான் எதைப் பிடித்து இழுப்பேன் என்றார். இன்னொரு நாள் இருக்கிறது, அன்றைக்கு வா, இந்த வருடத்துக்கு அதுதான் கடைசி என்றார்.

4

யாரோ அதைப் போனில் வீடியோ படம் பிடித்திருந்தார்கள். புஷ்பா அக்காவுக்கு அனுப்பிவிட்டாள். அக்கா உடனே கூப்பிட்டாள்.

"காசு குட்த்து தண்ணில வுயுறியாடா? இங்க ஊட்டுக்குள்ளயே வந்துச்சே, ஓசில" என்று ஆரம்பித்து, சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு அருண் கத்துகிற சத்தம் போனில் திரும்பக் கேட்டது. படத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"இன்னாடா இது" என்றாள் கடைசியில். "அன்னிக்கு மாரியே கைய தூக்கிக்கினு கீற."

அவள் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

நான் ஐ.டி.ஐ. முடித்து, பாஸ்போர்ட்டும் வந்து, வெளிநாட்டு வேலைக்கு நாயாய் அலைந்துகொண்டிருந்த வருடம் அது. மழை விடாமல் பெய்து, மேற்கே நிரம்பிய ஏரியைத் திறந்துவிட, மத்தியானத்துக்குள் ஆறு எங்கள் சந்துக்குள் வந்துவிட்டது. அக்கா தி.நகர் துணிக்கடைப் பை ஒன்றை என் கையில் திணித்தாள். உள்ளே என் சர்ட்டிபிகேட், பாஸ்போர்ட், ரேஷன் கார்டு. "ரெண்டு கையாலயும் தூக்கிப் புடி. இன்னா ஆனாலும் கைய எறக்காத" என்றாள். தண்ணீர் நெஞ்சு வரை. நான் பையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. வழி பார்த்தது அவள். எனக்குப் பின்னால் வந்துகொண்டே என் சட்டைக் காலரை ஒரு கையால் கொத்தாகப் பிடித்திருந்தாள். சாயும்போதெல்லாம் நிமிர்த்தினாள். கோர்ட் பக்கத்து மேட்டில் ஏற்றிவிட்டுத்தான் விட்டாள். ஒரு தாள்கூட நனையவில்லை. அந்தப் பைதான் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் அதே காலரை நேர்பண்ணிவிட்டு, "போடா" என்று முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

அடுத்த பெருவெள்ளம் வந்தபோது அவள் அதே சந்தில், நான் இங்கே. போன் போகவில்லை. நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. டிவியில் சைதாப்பேட்டைப் பாலத்தைக் காட்டினான், அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனைச் சார்ஜில் போடுவேன், எடுப்பேன், திரும்பப் போடுவேன். அவள் காலரைப் பிடிக்க யார் இருந்தார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஆற்றோர வீடுகளையெல்லாம் இடித்து, அவளை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். லிஃப்ட் ஓடினால் ஓடும். அவள் இன்னமும் அபிராமபுரத்தில் இரண்டு வீட்டில் சமைக்கிறாள். விடிவதற்கு முன்னால் பஸ் ஏறி, இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புகிறாள். வேலையை விட்டுவிடு என்றால் எட்டாவது மாடியில் உட்கார்ந்து காக்கா ஓட்டவா என்கிறாள். ஒரு மாதமாவது இங்கே வந்து இரு என்று விசாவுக்கு எழுதினேன். மறுத்துவிட்டார்கள். இன்னொரு தடவை எழுதினேன், மறுபடி அதே பதில். திரும்பிப் போவார் என்பதற்கு ஊரில் பிடிப்பு ஏதும் இல்லையாம்.

"திரும்பி வர்றதுக்கு ஊடு கீதான்னு கேக்குறான்டா" என்றாள் அக்கா. "இருந்துச்சி, இட்ச்சிட்டாங்கோன்னு எய்தி குடு."

பரீட்சைக்கு அவள் ஒரு யோசனை சொன்னாள். பையே இல்லாமல் போ, கையில் ஒன்றும் இல்லையென்றால் கை தானாக இறங்கும் என்றாள். சரியாகத்தான் பட்டது. வீட்டில் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு கையால் காலைப் பிடித்து, மறு கையை நீட்டி நீட்டிப் பழகினேன். நீட்டிய கையில் புஷ்பா ஒரு வெங்காயத்தை வைத்து, சும்மாதானே இருக்கிறீர்கள், இதை உரியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

5

இரண்டாவது நாள் பை இல்லை. கடிகாரத்தைக்கூடக் கழற்றி வைத்துவிட்டேன். படகு கவிழ்ந்தது. கண்ணைத் திறந்தேன்.

இரண்டு கையும் மேலே. வெறுங்கை.

என்ன சொல்வது! கரையில் நின்றவர்கள் நான் உற்சாகத்தில் கையாட்டுகிறேன் என்று நினைத்து அவர்களும் சந்தோஷமாகக் கையாட்டினார்கள். கீழே இறக்கு, கீழே இறக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மனசு இறக்குகிறது, கை இறக்க மாட்டேன் என்கிறது. கவிழ்ந்த படகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, பிறகு அதுவும் நகர்ந்துவிட்டது.

அன்றைக்குக் காப்பாற்றுகிற படகில் இருந்தது அருண். மேரிலின் கரையில் இருந்தார், முடிவு சொல்ல வேண்டியவன் அவன்தான். வந்து என் ஜாக்கெட்டைப் பிடித்துத் தன் படகின் விளிம்பில் சேர்த்தான். என் கையைப் பிடித்து ஒவ்வொன்றாக அவனே கீழே இறக்கி விளிம்பில் வைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பா, உங்கள கூட்டிட்டுப் போக முடியாது" என்றான்.

தமிழில் சொன்னான். நாலு பேர் இருக்கிற இடத்தில் அவன் என்னிடம் தமிழில் பேசி எத்தனையோ காலம் ஆகிறது. கிளப்பில் இருக்கும்போது அப்பா என்று கூப்பிட்டதே இல்லை. மற்றவர்களுக்குப் புரிய வேண்டாம், அப்பாவுக்குத் தலைகுனிவாக இருக்கும் என்று யோசித்திருக்கிறான். அந்த நல்ல மனசைப் பாராட்டுவதா, எனக்கு வாய்த்த தமிழ் இந்த ஒரு மறுப்புக்குத்தானா என்று அழுவதா? தண்ணீரில் இருந்ததால் அழுதது தெரிந்திருக்காது.

"கை தானா போகுதுப்பா" என்றேன்.

"தெரியும்பா. அதனாலதான்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. நடு ஏரியில் நான் கையைத் தூக்கிக்கொண்டு மிதந்தால் என்னைக் காப்பாற்ற இன்னொருவன் குதிக்க வேண்டும். அவன் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. சண்டை போடக்கூட இடம் வைக்காமல் சரியாகப் பேசுகிற பிள்ளையை என்ன செய்ய முடியும்? காரில் ஹீட்டரை முழுக்கத் திருப்பி வைத்து வீட்டுக்கு வந்தோம். புஷ்பா கதவைத் திறந்து இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு ரசத்தைச் சுட வைத்தாள்.

6

இந்த வருட மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் போடவில்லை. போட்டு என்ன ஆகப் போகிறது? பாஸானாலும் யாரோடு போவது? அருண் அங்கே வேறொரு கிளப்பில் சேர்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பேசுகிறான். ம் இப்போது கொஞ்சம் நீளமாக வருகிறது, அவ்வளவுதான். போன வருடம் அவர்கள் அந்தப் படகுப் பயணம் கிளம்பிய நாளை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

படகில் இடம் இல்லாத எனக்கு அருண் ஒரு வேலை கொடுத்திருந்தான். ஒவ்வொரு பயணத்துக்கும் கரையில் ஒரு ஆள் வேண்டும். அவர்கள் எந்த ஏரி வழியாகப் போகிறார்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். சொன்ன நாளில் திரும்பாவிட்டால் அவர்தான் போலீசுக்குச் சொல்ல வேண்டும். மற்றபடி வேலை ஒன்றும் இல்லை, காத்திருக்க வேண்டும். அனுபவம் உள்ள ஆளாகப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறான்.

காலையில் படகுத்துறைக்குப் போனோம். புஷ்பாவுக்கு அன்றைக்கு வேலை. பையன் கிளம்புவதைப் பார்க்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்ததால் வீடியோவில் கூப்பிட்டேன். அவளுக்குச் சாயங்காலம். அபிராமபுரத்தில் வேலை முடித்து, சைதாப்பேட்டையில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். பின்னால் ஹாரன் சத்தம், கண்டக்டர் குரல். "எங்கடா எம் புள்ள, காட்டு" என்றாள். காட்டினேன். அருண் போனைப் பார்த்து, "அத்தை, போயிட்டு வரேன்" என்றான். இரண்டு நாளாகச் சொல்லிப் பழக்கியிருந்தேன்.

மற்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அவனுடைய படகு கடைசி. முன்னால், எனக்கென்று நான் நினைத்திருந்த இடத்தில், ஒரு பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். படகு ஆடாமல் பிடித்துக்கொள்ள நான் முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். ஒரு கையில் போன், ஒரு கை படகில். அருண் ஏறி உட்கார்ந்தான். துடுப்பை எடுத்தான். படகு நகரவில்லை.

"அப்பா" என்றான், திரும்பிப் பார்க்காமல். "விடுங்க."

அப்போதுதான் பார்த்தேன். என் கை படகில் இல்லை. அவன் ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டையைக் கொத்தாகப் பிடித்திருக்கிறது. எப்போது பிடித்தேன் என்று எனக்குத் தெரியாது.

விட்டேன். படகு சத்தமில்லாமல் போனது. கொஞ்ச தூரம் போனதும் நாணல் மறைத்தது. அக்காவுக்குத் தெரிய வேண்டுமே என்று போனை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

"இன்னாடா, எனுக்கு வானந்தான் தெரியுது" என்று மேலேயிருந்து அவள் குரல் வந்தது. "புள்ள எங்க? பூட்டானா?"

"போய்க்கினே கீறான்க்கா" என்றேன். அந்தப் பேச்சு என் வாயிலிருந்து வந்து எத்தனை வருடம் இருக்கும்.

அந்தப் பக்கம் பஸ் ஒன்று வந்து நின்று போகிற சத்தம் கேட்டது. அவள் ஏறவில்லை.

"கைய எறக்குடா நைனா" என்றாள். "தண்ணி வடிஞ்சி எத்தினி வருசமாச்சி."

படகு பாறைத் திட்டுக்கு அந்தப் பக்கம் போய் மறைந்த பிறகும் எனக்குக் கை இறங்கவில்லை.